பதிமூணு நாப்பது வீட்டுச் சூரியகாந்தி

1,340.

வாசல் கேட்டில் ஒரு மஞ்சள் தகரப் பலகை. அதில் இந்த எண் மட்டும். வீட்டு இலக்கம் அல்ல. அந்த வீட்டு முற்றத்தில் ஒரு கிலோ மண்ணில் இத்தனை மில்லிகிராம் ஈயம் இருக்கிறது என்று, எட்டு ஆண்டுகளுக்கு முன் மண் எடுத்துச் சோதித்தவர்கள் எழுதி மாட்டிவிட்டுப் போனது. எண் நானூறுக்குக் கீழே இறங்கினால் பலகையைக் கழற்றுவார்கள். அதுவரை வீட்டை விற்க முடியாது. வாடகைக்கு விட முடியாது. பூட்டிவிட்டு வேறு ஊருக்குப் போகவும் முடியாது. மூன்று மாதம் ஆளில்லாமல் கிடந்தால் ‘கைவிடப்பட்ட சொத்து’ என்று பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். பதினெட்டு வயது ஆகாத யாரும் அங்கே இரவு தங்கக் கூடாது.

தெருவில் மொத்தம் இருபத்தாறு வீடுகள். எல்லா வீட்டுக்கும் பின்சுவர் ஒன்றுதான். சுவருக்கு அந்தப் பக்கம், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிய தொழிற்சாலை. அதை மூடி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. புகைபோக்கியை இடித்துக் கொண்டுபோய்விட்டார்கள். புகை படிந்த மண்ணை யாரும் கொண்டுபோகவில்லை.

பலகை மாட்டிய ஆறே மாதத்தில் தெருவில் பெயர்கள் மாறிவிட்டன. தபால்காரரே "தொள்ளாயிரத்துப் பத்து, ஒரு கையெழுத்து!" என்று கூப்பிட ஆரம்பித்தார். அறுநூற்று இருபது வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை; தெருவிலேயே சுத்தமான ஆள் அவர்தான். குழாயடியில் சண்டை வந்தால், "ரெண்டாயிரத்து நூறெல்லாம் பேச வந்துடுச்சு" என்பதுதான் மிகப் பெரிய வசவு.

இந்த வரிசையில் 1,340 நடுத்தரம். அந்த வீட்டுப் பெண்மணிக்கு வயது நாற்பத்தாறு. தெருவுக்கு அவர் பதிமூணு நாப்பது அக்கா.

அக்கா பதினாறு வருடம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் பிரிவில் மேற்பார்வை பார்த்தவர். கட்டிங்கில் ஒரே ஒரு சட்டம்தான்: காலையில் உள்ளே வந்த துணியின் எடையும், மாலையில் வெட்டிய துண்டுகளோடு கழிவைச் சேர்த்த எடையும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் துணி எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். யாருடைய பையிலோ, மேசைக்கு அடியிலோ. ஆனால் இருக்கிறது. துணி ஆவியாகாது. அக்கா இதை வேலைக்கு வரும் புதுப் பெண்களிடம் முதல் நாளே சொல்வார். "என்கிட்ட காத்துல போச்சுன்னு சொல்லாதே. காத்துக்குப் பை கிடையாது."

கணவர் உலைக்காரர். சுவருக்கு அந்தப் பக்கம் இருபத்தொரு வருடம் ஈய உலையில் நின்றவர். இப்போது இரண்டு கைகளும் மணிக்கட்டிலிருந்து கீழே தொங்குகின்றன; தூக்கினால் நிற்காது. சட்டைப் பொத்தான் போட முடியாது, தாழ்ப்பாள் திறக்க முடியாது, சாப்பாட்டை அக்கா ஊட்ட வேண்டும். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

"என்னை எரிச்சா ரெண்டு பேட்டரிக்கு ஆகும்" என்பார். "சாம்பலை வீணாக்கிடாதே."

"பேசாம வாயத் தெறங்க" என்பார் அக்கா, கரண்டியோடு.

வீட்டுக்கென்று ஒழுங்குமுறைகள் உண்டு. வாசலில் ஒரு செருப்பு, உள்ளே வேறு செருப்பு. வெறுங்காலோடு யாரும் நடப்பதில்லை. தரையைப் பெருக்குவதில்லை, பெருக்கினால் தூசி எழும், ஈரத்துணியால் துடைப்பதுதான். துடைத்த துணியை அலசிய தண்ணீரை முற்றத்தில் ஊற்றுவதில்லை. தொழிற்சாலைப் பக்கத்து ஜன்னல் எட்டு ஆண்டுகளாகத் திறக்கப்படவில்லை; சட்டத்தைச் சுற்றிப் பழுப்பு நிற ஒட்டுநாடா, வெயிலில் உரிந்தால் மேலே இன்னொரு அடுக்கு. இப்போது எத்தனை அடுக்கு என்று அக்காவுக்கே தெரியாது. துணி காய்வது நடு அறையில், விசிறிக்குக் கீழே. மழைக்காலத்தில் ஈரத்துணிகளுக்கு நடுவே தலையைக் குனிந்துதான் சமையலறைக்குப் போக வேண்டும்.

மகளுக்கு வயது பதினைந்து. ஏழாவது வயதில் பள்ளியில் ரத்தம் எடுத்தார்கள். அடுத்த வாரமே பிள்ளையை அண்ணன் வீட்டுக்கு அனுப்பினார் அக்கா. பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம். இரண்டே மாதம் என்றுதான் சொல்லி அனுப்பினார். பகலில் வந்து போக விதியில் தடை இல்லை. தடை போட்டது அக்காதான். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிப் பேருந்தில் மகள் தெருமுனை நிறுத்தத்தில் இறங்குவாள். அங்கே இருக்கும் சிமென்ட் பெஞ்சில் அம்மாவும் மகளும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு மேல் அப்பாவைத் தனியே விட முடியாது. இரண்டு மணிப் பேருந்தில் ஏறிப் போய்விடுவாள். எட்டு வருடத்தில் அவள் அந்தப் பெஞ்சைத் தாண்டித் தெருவுக்குள் கால் வைத்ததில்லை. தெருவில் பாதிப் பேர் அவளை இடுப்பளவு குழந்தையாகவே நினைவு வைத்திருக்கிறார்கள்.

"உன் வீட்டு நம்பர் இப்ப எவ்வளவும்மா?" என்று வந்ததும் கேட்பாள். "மார்க்கா இருந்தா நீதான் ஸ்கூல் ஃபர்ஸ்ட்."

நான்கு வருடத்துக்கு முன் அந்தத் திட்டம் வந்தது. நகராட்சிக்காகத் திட்டம் போட்டவர், மண் ஆய்வகத்திலிருந்து வந்த ஓர் இளம்பெண். தெரு அவருக்கு மண் டாக்டர் என்று பெயர் வைத்தது. எல்லா முற்றத்திலும் சூரியகாந்தியும் கடுகும் போடுவோம் என்றார். செடி தண்ணீர் குடிக்கும்போது ஈயமும் கொஞ்சம் தண்டுக்கும் இலைக்கும் ஏறும். பூ முற்றியதும் வெட்டி, மூட்டை கட்டி, மூடிய உலையில் எரித்து, சாம்பலைப் பூட்டி வைப்போம். மறுபடி நடுவோம், மறுபடி வெட்டுவோம்.

"எத்தனை வருஷம் ஆகும்?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"பார்த்துக்கிட்டே போகணும்" என்றார் மண் டாக்டர். அந்தப் பதில் யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் வேறு பதில் சொல்ல ஆளும் இல்லை.

ஆட்களை வேலை வாங்கத் தெரிந்தவர் வேண்டும் என்று தேடி, அக்காவை மேற்பார்வையாளராகப் போட்டார்கள். விதிகள் ஒரு தாளில் இருந்தன. மூக்குக்குத் துணி, கைக்கு உறை. மண்ணிலிருந்து ஒரு சாண் மேலே வெட்டு. வேரைப் பிடுங்காதே, பிடுங்கினால் தூசி பறக்கும். மண்ணில் வேறு எதையும் சேர்க்காதே. ஒவ்வொரு வீட்டு இலையிலும் ஒரு பை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பு.

முதல் பருவத்துச் செடிகளைப் பார்த்துத் தெரு சிரித்தது. முழங்கால் உயரம். மஞ்சள் பாய்ந்த இலை. பூ, சட்டைப் பொத்தான் அளவுக்கு.

"அக்கா, இது சூரியகாந்தியா, எங்க வீட்டுக்காரர் தலையா?" என்றாள் பக்கத்து வீட்டுத் தொள்ளாயிரம். 910 என்று முழுசாகச் சொல்ல நேரமில்லாததால் அவள் பெயர் அப்படி. முப்பது வயது. ஆறு வயது மகனை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, சிரித்துச் சிரித்தே நாளை ஓட்டுகிறவள். அக்காவுக்கு அந்தத் தெருவில் இருக்கிற ஒரே தோழி.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை கெட்டுப்போனால் தூக்கம் வராத ஜாதி அவர். இரண்டாம் பருவத்துக்கு முன்னால், வெட்டிய மூட்டைகளை வைக்கச் சுவரின் அந்தப் பக்கம் போனபோது ஒன்றைக் கவனித்தார். உலைக் கழிவைக் கொட்டி வைத்திருந்த மேடு. அங்கே எதுவும் முளைப்பதில்லை, ஒரு முரட்டுப் புல்லைத் தவிர. அது மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. அக்கா ஒரு பிடியைப் பிடுங்கிப் பார்த்தார். வேரைச் சுற்றி, வேரைவிட மெல்லிசாக, வெள்ளை நூல் பின்னல். மண்ணெல்லாம் அந்த நூலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பதினாறு வருடம் நூலைப் பார்த்த கண். சும்மா விடுமா? அந்த வேர்மண்ணை ஒரு டம்ளரில் அள்ளி வந்து, தன் முற்றத்தில் நடவுக்குழி ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி போட்டார். எதையும் சேர்க்காதே என்ற விதி நினைவில் இருந்தது. ஆனால் விதி உரத்தைப் பற்றியது, மருந்தைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டார். இது மண்தானே. மண்ணில் மண்ணைப் போடுவது சேர்ப்பதா?

அந்தப் பருவம் 1,340 வீட்டுச் சூரியகாந்தி அக்காவின் தோளைத் தொட்டது. அடுத்த பருவம் தலைக்கு மேலே போனது.

"என்னக்கா போட்டீங்க? மறைக்காதீங்க" என்று தொள்ளாயிரம் வந்து நின்றாள். அக்கா காட்டினார். அவளும் ஒரு டம்ளர் வேர்மண் வாங்கிப் போனாள். "தயிருக்கு உறை ஊத்தற மாதிரி" என்றாள். அன்றிலிருந்து தெருவில் அதற்குப் பெயர் உறை. இரண்டாயிரத்து நூறு, சண்டையை மறந்து தொள்ளாயிரத்திடம் உறை வாங்கியது. அறுநூற்று இருபதுக்குக் கேட்க வெட்கம், மனைவியை அனுப்பினார். மூன்றாம் வருட முடிவில் இருபத்தாறு முற்றத்திலும் உறை விழுந்திருந்தது. ஆய்வகத்துக்கு யாரும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்கியதை அரசாங்கத்துக்கா சொல்வார்கள்?

இலை முடிவுகள் ஒவ்வொரு பருவமும் கைபேசிக்கு வரும். 1,340 வீட்டில் முதல் பருவம் 212. அடுத்து 90. அடுத்து 31. இலையில் ஈயம் குறைந்துகொண்டே வந்தது. மண் காலியாகிறது, எடுக்க எடுக்கத் தீர்கிறது என்று தெரு சந்தோஷப்பட்டது. அக்காவும்தான்.

இதற்குள் மண் டாக்டர் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் இடத்தில் ஒரு பொறியாளர் வந்தார். நல்ல மனிதர், அவசரக்காரர். இந்த வருடத்தோடு திட்டம் முடிகிறது, மண்ணைச் சோதிக்கும் இயந்திரத்தில் முறை கிடைக்கப் பல மாதங்கள் ஆகும், அதனால் இலையை வைத்தே முடிவு செய்யலாம் என்று மேலிடத்தில் அனுமதி வாங்கிவிட்டார். இலையில் பத்துக்குக் கீழே இருந்தால் பலகையைக் கழற்றலாம். இலையில் இல்லையென்றால் மண்ணிலும் இல்லை. கேட்கிற யாருக்கும் நியாயமாகத்தான் பட்டது.

கடைசி அறுவடைக்கு இரண்டு நாள் முன்னால் காற்றோடு மழை அடித்தது. அக்கா வீட்டில் ஒரு செடி வேரோடு சாய்ந்தது. அதன் இலையை வழக்கம்போல் ஒரு பையில் போட்டார். சாய்ந்து கிடந்த வேரை என்ன செய்வது? கட்டிங் பிரிவில் எதையும் கணக்கில்லாமல் எறிந்து பழக்கமில்லை. அதைத் தனிப் பையில் போட்டு, ‘வேர்’ என்று எழுதி, பெட்டியில் சேர்த்து அனுப்பிவிட்டார்.

வியாழக்கிழமை வீடு பார்க்க ஒரு ஜோடி வந்தது. அழைத்து வந்தது தொள்ளாயிரம். கணவன் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறவன். வந்த வண்டியிலேயே பார்சல் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மனைவிக்கு ஆறு மாதம். பலகை கழன்றதும் எழுதிக்கொள்ளத் தயார் என்றார்கள். அக்காவுக்கும் எல்லாம் தயாராக இருந்தது. மகளின் பள்ளிக்குப் பக்கத்தில், தரைத்தளத்தில், இரண்டு அறை உள்ள ஒரு வாடகை வீட்டை அண்ணன் பேசி வைத்திருந்தார். மகளுக்குப் பள்ளியில் இன்னும் மூன்று வருடம் பாக்கி. மூன்று வருடமாவது ஒரே கூரைக்குக் கீழே.

வந்த பெண் மரியாதையாகச் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டாள். அக்கா வீட்டுச் செருப்பை எடுத்து நீட்டுவதற்குள், வெறுங்காலோடு உள்ளே வந்து, அறைகளைப் பார்த்து, பின்கதவு வழியாக முற்றத்தில் இறங்கினாள். வெட்டாமல் விட்டிருந்த ஒரே சூரியகாந்தியை அண்ணாந்து பார்த்தாள். மழை ஈரம் காயாத மண்ணில் அவள் கால்விரல்கள் பதிந்தன.

"எவ்வளவு பெருசா பூத்திருக்கு! மண்ணு ரொம்ப நல்ல மண்ணு போலயே அக்கா."

"செருப்பு போட்டுக்கோம்மா" என்றார் அக்கா.

"பரவாயில்லக்கா. கால்ல மண்ணு பட்டா நல்லதுன்னு சொல்றாங்க."

அவர்கள் போன பிறகு உள்ளே ஐந்து தடங்கள் இருந்தன. அக்கா துணியை நனைத்துத் துடைத்தார். உலைக்காரர் நாற்காலியில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். "எட்டு வருஷத்துல முதல் கால்தடம்" என்றார். "கொஞ்ச நேரம் விட்டிருக்கலாம்."

வெள்ளிக்கிழமை காலை முடிவுகள் வந்தன. 1,340 வீட்டு இலை: 9. அக்கா ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அடுத்த வரியைப் பார்த்தார். வேர்: 1,080.

கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டார். நான்கு வருடத்தில் இந்த முற்றத்திலிருந்து வெளியே போன மூட்டைகள், அவற்றின் எடை, இலையில் இருந்த ஈயம். எல்லாம் சேர்த்தால் ஒரு சிட்டிகை. முற்றத்து மண்ணின் எடைக்கு இருக்க வேண்டிய ஈயம் கிலோக்கணக்கில். உள்ளே வந்ததற்கும் வெளியே போனதற்கும் பொருத்தமே இல்லை. அப்படியென்றால் அது எங்கேயோ இருக்கிறது.

மண் டாக்டரின் எண் இன்னும் கைபேசியில் இருந்தது.

"டாக்டரம்மா, நான் பதிமூணு நாப்பது பேசறேன்."

"அக்கா! எப்படி இருக்கீங்க? செடியெல்லாம் எப்படி?"

"என்னைவிட உசரமா இருக்கு. அதான் கேக்கறேன்." உறையைப் பற்றி, புல்லைப் பற்றி, நூலைப் பற்றி, வேரின் எண்ணைப் பற்றி எல்லாம் சொன்னார்.

"அந்த நூல் ஒரு பூஞ்சையோடதா இருக்கணும்க்கா. வேருக்குள்ளயும் இருக்கும், வெளியவும் பரவும். செடிக்குச் சத்து தேடிக் கொண்டுவந்து குடுக்கும். செடி பதிலுக்குச் சர்க்கரை குடுக்கும். ரெண்டும் ஒரே குடித்தனம்."

"சரி. ஈயம்?"

"ஈயம் வந்தா அந்தப் பூஞ்சை தன் உடம்புலயே ஒட்ட வெச்சுக்கும். வேரோடயே நிறுத்திடும். தண்டுக்கு ஏற விடாது. செடி ஏன் செழிப்பா இருக்குன்னா, விஷம் மேல போகல."

"அப்ப மண்ணுல இருக்கறது?"

"அங்கயேதான் இருக்கு. ஒரு வகையில நல்லதுக்கா. தூசியா பறக்காம, தண்ணியோட ஓடாம, கொஞ்சம் பிடிச்சு வெச்சிருக்கும். ஆனா குறையல."

"பூட்டி வெச்சிருக்குன்னு சொல்லுங்க."

"ஆமா."

"நான் அதப் போடாம இருந்திருந்தா, இந்நேரம் எறங்கியிருக்குமா?"

"இல்லக்கா. நாலு வருஷத்துல எறங்காது. ஈயம் சுலபமா மண்ண விட்டு வராது. நாப்பது, அம்பது வருஷம்கூட ஆகலாம்." குரல் தணிந்தது. "அத நான் அன்னிக்கே கூட்டத்துல சொல்லியிருக்கணும். எல்லாரும் என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. சொல்ல வரல."

நாற்காலியில் இருந்த உலைக்காரருக்கும் எல்லாம் கேட்டிருந்தது. அக்கா கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசியிருந்தார்.

திங்கட்கிழமை பொறியாளர் வருகிறார். எல்லா வீட்டு இலையும் பத்துக்குக் கீழே வந்துவிட்டதால், இருபத்தாறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே படிவம். ‘விதிமுறைப்படி பயிரிடப்பட்டது, மண்ணில் வேறு எதுவும் சேர்க்கப்படவில்லை’ என்று மேற்பார்வையாளர் கையெழுத்திட வேண்டும். மேற்பார்வையாளர் அக்கா.

அன்று மாலையே தொள்ளாயிரத்திடம் சொன்னார். அவள் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"யாருக்குத் தெரியும்?"

"டாக்டரம்மாவுக்கு. இவருக்கு. இப்ப உனக்கு."

"அப்ப விடுங்கக்கா. வேர்ல இருக்கறது வேர்லயே கிடக்கட்டும். யாரு வேரத் தோண்டித் தின்னப் போறா?"

"அந்தப் பொண்ணு வெறுங்காலோட நடந்தா."

"நாம பொறந்ததுலேர்ந்து நடந்தோம்."

"நடந்துதான் உன் பையன் உங்கம்மா வீட்டுல இருக்கான்."

தொள்ளாயிரம் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். "அதத்தான் நானும் சொல்றேன்! அவன் இப்பல்லாம் எங்கம்மாவத்தான் அம்மாங்கறான். என்ன அக்காங்கறான். உங்களுக்கு நியாயம் பேச நல்லா இருக்கும். நீங்க ஒருத்தர் கையெழுத்துப் போடலன்னா நாங்க இருபத்தஞ்சு வீடும் உள்ள கெடக்கணுமா?"

அது சரியான கேள்விதான்.

சனிக்கிழமை முழுவதும் உலைக்காரர் வாயே திறக்கவில்லை. அது வீட்டில் பெரிய நிகழ்ச்சி. இரவுச் சாப்பாடு ஊட்டும்போது, மூன்றாவது வாயில்தான் பேசினார்.

"உலைல எங்களுக்கும் மாசாமாசம் ஒரு படிவம் வரும். ‘பாதுகாப்புக் கையுறை அணிந்திருந்தேன்’னு. கையுறையே குடுக்க மாட்டான். கையெழுத்து மட்டும் வாங்கிக்குவான்."

"போட்டீங்களா?"

"இருபத்தொரு வருஷம் போட்டேன். அப்ப கை நல்லா இருந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமை மகள் பேருந்திலிருந்து குதித்து இறங்கினாள். கையில் ஒரு பை. புதுவீட்டு ஜன்னலுக்குத் திரைத்துணி, மாமா வாங்கித் தந்தது. நீலத்தில் வெள்ளைக் கோடு. "நீதான் தைக்கணும். ஜன்னல் தெரு பக்கம் இருக்கு, நல்லா காத்து வருது, நான் போய்ப் பாத்தேன். அப்பா நாற்காலி அங்க போட்டுடலாம்."

அக்கா துணியை விரித்து, விரலால் நெசவைத் தடவிப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மகள் அறிவியல் பாடத்தில் கெட்டி, பாதியிலேயே புரிந்துவிட்டது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"கையெழுத்துப் போடப் போறியா, இல்லையா?"

"தெரியல பாப்பா."

"உனக்குத் தெரியும். உன் மூஞ்சிய எனக்குத் தெரியாதா?" திரைத்துணியை அம்மா பக்கம் தள்ளினாள். "ஒரே ஒரு தடவை, எனக்காக, கணக்குப் பாக்காம இருக்க முடியாதாம்மா?"

இரண்டு மணி ஆக இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஒரு மணிப் பேருந்திலேயே ஏறிவிட்டாள். ஜன்னலோரம்தான் உட்கார்ந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. திரைத்துணி பெஞ்சிலேயே இருந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்குத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பொறியாளர் ஓர் ஏணியோடும், திருப்புளி வைத்திருந்த ஊழியரோடும், புகைப்படக்காரரோடும் வந்தார்.

"மேற்பார்வையாளர் வீட்டுலேர்ந்து ஆரம்பிக்கலாம். போட்டோவுக்கு நல்லா இருக்கும். அம்மா, கொஞ்சம் சிரிங்க."

ஊழியர் முதல் திருகாணியைக் கழற்றினார். பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. தெரு கைதட்டியது. பொறியாளர் படிவத்தை அட்டையில் செருகி நீட்டினார். "முதல்ல இதுல ஒரு கையெழுத்து. அப்புறம் ரெண்டாவது ஸ்க்ரூ."

அக்கா பேனாவை வாங்கினார். ‘மண்ணில் வேறு எதுவும் சேர்க்கப்படவில்லை’ என்ற வரியை ஒரு கோடு போட்டு அடித்தார். கீழே எழுதினார்: ‘கழிவு மேட்டுப் புல்லின் வேர்மண் 26 வீட்டிலும் சேர்த்தோம். தொடங்கியது நான். இலையில் 9. வேரில் 1,080. மண்ணைச் சோதிக்கவும்.’ அதன் பிறகு கையெழுத்துப் போட்டார். கட்டிங்கில் தினமும் நூறு கையெழுத்துப் போட்ட கை.

பொறியாளர் படித்தார். மறுபடி படித்தார். "ஏம்மா, இத நீங்க எழுதணும்னு யாரு கேட்டா?" என்றார், கோபத்தைவிடக் களைப்பாக.

"படிவம் கேட்டுச்சு சார்."

புகைப்படக்காரர் கேமராவை இறக்கினார். ஏணியில் நின்ற ஊழியருக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. "சார், ஒண்ணு கழட்டியாச்சு. மறுபடி மாட்டணுமா?"

கேட்டுவிட்டு அவராகவே மாட்டினார்.

அடுத்த நாள் காலை அக்காவின் கேட் மேல் ஒரு டம்ளர் இருந்தது. உறைமண் வாங்கிப்போன டம்ளர். தொள்ளாயிரம் அதை நன்றாகத் துலக்கி, கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். குழாயடியில் அக்கா வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. அறுநூற்று இருபது மட்டும், யாரும் பார்க்காத நேரத்தில், "செஞ்சது சரிதான், ஆனா செஞ்சிருக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிட்டார். பார்சல் கொடுக்கிறவனிடம் அக்காவே பேசினார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே, நாங்க இருக்கற வீட்டக் காலி பண்றேன்னு சொல்லிட்டோமே" என்று கத்தினான். பிறகு, "அவ கால நல்லா கழுவச் சொல்லணுமா?" என்று கேட்டான். சொல்லு என்றார் அக்கா.

பேசி வைத்த தரைத்தள வீட்டை அண்ணன் விட்டுவிட்டார்.

நீலத் திரைத்துணியை அக்கா வெட்டித் தைத்துவிட்டார். ஓரம் மடித்து, வளையம் கோத்து, ஒட்டுநாடா ஒட்டிய ஜன்னலில் மாட்டியிருக்கிறார். கழிவாக விழுந்த துணி நான்கு விரற்கடை. "காத்து வருதா?" என்று கேட்டார் உலைக்காரர்.

"விசிறியப் போடறேன் இருங்க."

மண் சோதிக்கும் இயந்திரத்தில் அந்தத் தெருவின் முறை அடுத்த ஆண்டு மார்ச் பதினொன்றாம் தேதி. அதுவரை சூரியகாந்தி வேண்டாம் என்று மண் டாக்டர் எழுதியிருக்கிறார். முற்றங்களில் அந்த முரட்டுப் புல்லையே போட்டு மண்ணை மூடி வைக்கச் சொல்லியிருக்கிறார். நடவு வரும் புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பேருந்து எப்போதும்போல் பன்னிரண்டு மணிக்கு வரும்.